லாபம்னு சொல்றோமே, அது லாபமா கூலியா?

காலேஜ் படிக்கும்போதே சின்னதாக ஏதாவது தொழில் செய்கிறவனைப் பார்த்தால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மாசம் எவ்ளோ நிக்குது?" என்பதுதான். கேட்கிறவர் சித்தப்பாவாக இருக்கலாம், டிபார்ட்மெண்ட் சாராக இருக்கலாம், பக்கத்து பெஞ்ச் நண்பனாக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது. "அதுக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கறே?" என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். மாணவர்கள் செய்கிற சின்னத் தொழில்களில் "லாபம்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி லாபமே கிடையாது. அது நம் உழைப்புக்கு வந்த கூலி. பல சமயம் குறைந்த கூலி. இதைத் தெரிந்துகொண்டு தொழில் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. தெரியாமல் செய்தால் அடிபடுவது யார் என்று பார்த்தால், பொழுதுபோக்குக்காகத் தொழில் செய்கிற பையன் அல்ல. அந்தக் காசு வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற பையன்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கணக்கு பிடிக்காதவர்கள் இப்போதே மன்னித்துவிடுங்கள், நிறைய கணக்கு வரும். பி.காம் படிக்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள் :-)

முதலில் எங்கள் தொழில். நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் சேர்ந்து ரெண்டு வருஷமாக டி-ஷர்ட் போட்டுக் கொடுக்கிறோம். எங்கள் காலேஜ் கோயம்புத்தூரில். எந்த டிபார்ட்மெண்ட்டில் சிம்போசியம் நடந்தாலும் டி-ஷர்ட், ஐ.வி. போனால் டி-ஷர்ட், ஃபைனல் இயர் என்றால் முதுகில் எல்லார் பெயரும் போட்ட டி-ஷர்ட். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், காதர்பேட்டை. அங்கே கடை கடையாக ஏறி இறங்கினால் பிளைன் ரவுண்ட் நெக் கிடைக்கும். 180 ஜிஎஸ்எம் காட்டன்தானா, பயோவாஷ் செய்ததா, துவைத்தால் சுருங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். தையல் சரியாக இருக்கிறதா என்று கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சரக்கும் ஒரே துணி மாதிரித்தான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வித்தியாசம் பிடிபடும். பிறகு அங்கேயே ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையில் கொடுத்து பிரிண்ட் போட்டு, மூட்டை கட்டி எடுத்து வருவோம்.

என் கூட்டாளிக்கு வீடு திருப்பூர்ப் பக்கம். தினமும் சீசன் டிக்கெட்டில் ரயிலில் வந்து போகிறவன். அவன் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். (திருப்பூரில் டி-ஷர்ட்டாக இருந்தாலும், ஏற்றுமதியாகிற பைஜாமாவாக இருந்தாலும் எல்லாமே பனியன்தான்!) ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வாரம் முடித்த ஆர்டரில் நாலாயிரத்துச் சொச்சம் நின்றது என்று அவன் சொன்னான். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"ரெண்டு பேருஞ் சேந்து எத்தன ஷிப்ட்டு கண்ணு பாத்தீங்க?"

எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. காமர்ஸ் படிக்கிற ரெண்டு பேரிடமும் இல்லை.

திருப்பூரில் வேலையை அளக்கிற அலகு ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது இந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவருக்கு, வேலை நேரமே இல்லாத வருமானம் என்றால் புரியாது. புரிய வேண்டியதும் இல்லை.

அதற்கடுத்த ஆர்டரிலிருந்து 40 பக்க நோட்டில் ரூபாய்க்குப் பக்கத்தில் மணியும் எழுத ஆரம்பித்தோம். அந்த முதல் ஆர்டரின் கணக்கை அப்படியே தருகிறேன். 64 பேர் உள்ள வகுப்பு. முன்பக்கம் பாக்கெட் இடத்தில் ஒரு கலர், முதுகில் ரெண்டு கலர். விலை 290 ரூபாய். சைஸ் மாறினால் கொடுக்க 2 பீஸ் சேர்த்து 66 வாங்கினோம்.

பிளைன் பீஸ் 66 × 150 = 9,900
ஸ்க்ரீன் 3 × 400 = 1,200
பிரிண்டிங் 66 × 30 = 1,980
பஸ், ஆட்டோ, லக்கேஜ் = 480
கவர், மார்க்கர் வகையறா = 120
மொத்தச் செலவு 13,680. வரவு 64 × 290 = 18,560. மிச்சம் 4,880.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? மூணு வாரத்தில் நாலாயிரத்து எண்ணூற்று எண்பது. இப்போது பக்கத்து வரிசை. 64 பேரிடம் சைஸ் வாங்க 14 மணி நேரம் (இதில் "எம்-மா எல்-லா தெரியல, உன் சட்டையைக் கொஞ்சம் போட்டுப் பாக்கறேன்" கேஸ்கள் அடக்கம்). டிசைன் வரைந்து, திருத்தி, மறுபடி திருத்தி, கடைசியில் முதல் டிசைனுக்கே திரும்பி வந்தது 9 மணி நேரம். காதர்பேட்டைக்கு ரெண்டு பேரும் போனது ஆளுக்கு 7, ஆக 14. பிரிண்டிங் முடிகிற வரைக்கும் ரெண்டு சாயங்காலம் பட்டறையில் காத்திருந்து மூட்டையைத் தூக்கி வந்தது 8. பெயர் வாரியாகப் பிரித்துக் கொடுத்தது 6. பாக்கிப் பணத்துக்கு அலைந்தது 10. மொத்தம் 61 மணி நேரம்.

4,880ஐ 61ஆல் வகுத்தால் மணிக்கு 80 ரூபாய். ஷிப்ட்டுக்கு 640.

அம்மாவிடம் போய்ச் சொன்னோம். "அப்ப சம்பளந்தான் வந்திருக்குது சாமி. லாபம் எங்க?" என்றார்.

எங்கள் செகண்ட் இயர் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் இதையே 'நோஷனல் காஸ்ட்' என்று ஒரு பாராவில் சொல்கிறது. கையிலிருந்து கொடுக்காத, ஆனால் கணக்கில் இருக்க வேண்டிய செலவு. எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம்.

80 ரூபாய் அதிகமா குறைவா என்பது எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் கேட்டரிங் போகிறவர்கள்தான். கல்யாண ரிசப்ஷனில் சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை பரிமாறினால் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். மணிக்கு 120. சாப்பாடு வேறு. யாரும் 290 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு ஓட மாட்டார்கள். அப்படியானால் டி-ஷர்ட்டை விட்டுவிட்டு எல்லாரும் பந்தியில் நிற்கலாமே? அங்கேதான் ஒரு சின்ன விஷயம். முகூர்த்தம் இருந்தால்தான் கேட்டரிங். ஆடியிலும் மார்கழியிலும் அந்த வேலை கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் திரும்புகிற ரயிலைப் பிடிக்க வேண்டியவனுக்கு எந்த மாதத்திலும் கிடையாது. ஆகவே எல்லா மணி நேரத்துக்கும் 120 போடுவது சரியில்லை. பேசிப் பார்த்து எங்களுக்கு நாங்களே மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டோம். இதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. "இதுக்குக் கீழ கெடச்சா வீட்ல தூங்கலாம்" என்று ரெண்டு பேருக்கும் தோன்றிய தொகை, அவ்வளவுதான்.

கூலியை ஏன் எழுதியே ஆக வேண்டும் என்பது பங்கு பிரிக்கும்போதுதான் முழுசாகப் புரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கூட்டாண்மை ஒப்பாவணம் இல்லாதபோது பொருந்தும் விதிகள் யாவை? 1932ஆம் வருஷ இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. லாப நஷ்டம் சமமாகப் பிரிக்கப்படும். வேலை செய்ததற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. முதல் மீது வட்டி கிடையாது. முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்திருந்தால் 6 சதவீத வட்டி. நாலு வரி எழுதினால் மார்க். இதை எழுதும்போது ஒருவன்கூட "அதெப்படி சம்பளம் கிடையாது?" என்று யோசித்திருக்க மாட்டான்.

ரெண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் ஆரம்பித்தால் ஒப்பாவணம் எல்லாம் யாரும் எழுதுவதில்லை. "நமக்குள்ள என்னடா" என்று ஒரு டீயோடு முடிந்துவிடும். அதாவது, அந்த டீயோடு பிரிவு 13க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஆளுக்குப் பாதி, வேலைக்குச் சம்பளம் இல்லை.

எங்கள் 61 மணி நேரத்தில் நான் பார்த்தது 22, அவன் பார்த்தது 39. டிசைன் முழுக்க நான். சைஸ் வாங்கியது, பட்டறையில் காத்திருந்தது முழுக்க அவன். பாக்கி வசூலிலும் பெரும்பகுதி அவன். சட்டப்படி பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 2,440. எனக்கு மணிக்கு 111 ரூபாய் விழுகிறது, அவனுக்கு 63 ரூபாய்கூட விழவில்லை.

இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை தெரியுமா? அவன் வீடு திருப்பூரில். "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறே, வாங்கிட்டு வந்துடு" என்று எல்லாருமே சொல்வார்கள். வழியில் இருக்கிற வேலை இலவச வேலையாகிவிடுகிறது. வீட்டில் அம்மாக்கள் செய்கிற வேலை எப்படி யார் கணக்கிலும் வராதோ, அதே கதை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுவது 'திறமை', மூட்டை தூக்குவது 'உதவி'. ஒவ்வொரு மாணவர் தொழிலிலும் இப்படி ஒரு மூட்டை தூக்குகிறவன் இருக்கிறான். உங்கள் கூட்டத்தில் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

"ஆனா முதல் போட்டவன் நீதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. தொழிலில் மொத்தம் 15,000 ரூபாய் போட்டிருக்கிறோம். என்னுடையது 12,000 (அம்மா சீட்டு எடுத்த பணம், அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குள் திரும்ப வைக்க வேண்டும் என்ற கண்டிஷனோடு). அவனுடையது 3,000. முதல் போட்டவனுக்கு அதிகம் தர வேண்டாமா? தரலாம். எவ்வளவு? நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000க்கு மாசம் 120. மூணு வாரத்துக்கு 84 ரூபாய். அவ்வளவுதான்! பணம் போட்டவன் என்று மீசையை முறுக்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. பணம் மூழ்கிப் போகிற அபாயம் என்று ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், அதற்குத்தான் மிச்ச லாபத்தில் பங்கு. ஆனால் அந்த அபாயம் அவனுக்கும் இருந்தது. அவன் 3,000 எங்கள் வீட்டு 12,000த்தை விடக் கனமான பணம்.

ஆகவே இப்படிப் பிரித்தோம். முதலில் கூலி: அவனுக்கு 39 × 60 = 2,340, எனக்கு 22 × 60 = 1,320. அடுத்து வட்டி: எனக்கு 84, அவனுக்கு 21. மிச்சம் 1,115. அதில் ஆளுக்குப் பாதி. கடைசியில் அவனுக்கு 2,919, எனக்கு 1,961. (ஐம்பது பைசாவை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன், வள்ளல் பரம்பரை.) சமமாகப் பிரித்திருந்தால் கிடைப்பதைவிட அவனுக்கு 479 ரூபாய் அதிகம். சினிமாவும் பாப்கார்னும் பார்க்கிறவனுக்கு அது ஒரு சாயங்காலச் செலவு. அவன் வீட்டில் அது கேஸ் சிலிண்டரில் பாதிக் காசு.

நாங்கள் பிரித்த விதம்தான் சரி என்று சொல்லவில்லை. உங்கள் கூட்டணிக்கு வேறு கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அந்த 1,115ஐப் பாருங்கள். 4,880இல் உண்மையான லாபம் அவ்வளவுதான். 18,560 ரூபாய் விற்பனையில் நூற்றுக்கு 6 ரூபாய்.

இப்படிப் பார்த்தால் மற்ற விஷயங்களும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். முதலில் கடன். ஒரு டி-ஷர்ட்டில் மிச்சம் சுமார் 76 ரூபாய். ஒருவன் 290 தராமல் போனால், கிட்டத்தட்ட நாலு பேரிடம் சம்பாதித்தது காலி. 64 பேரில் 9 பேர் ஏமாற்றினால் 2,610 ரூபாய், அதாவது மொத்த மிச்சத்தில் பாதிக்கு மேல். ஒன்பது பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை, எந்த வகுப்பிலும் கடைசி ரெண்டு பெஞ்ச். இத்தனைக்கும் இப்போது யுபிஐ இருக்கிறது, "சில்லறை இல்ல மச்சி" என்ற பழைய சாக்கு செத்துப்போய்விட்டது. இப்போதைய சாக்கு "சர்வர் டவுன்". பணம் வந்தால்தான் பெயர் லிஸ்ட்டில் ஏறும் என்பதே எங்கள் விதி. இதைச் சொன்னால் கோபப்படுகிற நண்பர்கள் உண்டு. "290 ரூபாக்கு என்னை நம்ப மாட்டியா?" நம்புகிறேன். ஆனால் உன்னைத் தேடி மூணு தடவை உன் டிபார்ட்மெண்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த 60 ரூபாயை உன் பில்லில் சேர்க்க முடியாதே.

கோர்ட்டுக்கும் போக முடியாது என்பது இதில் உபரி காமெடி. அதே கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 69இன்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப் பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. 100 ரூபாய்க்கு மேற்படாத சில்லறை வழக்குகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. எங்கள் டி-ஷர்ட் 290. கைக்குட்டை விற்றிருக்க வேண்டும்.

அடுத்து, "பத்து பீஸ்தானே, போட்டுக் குடு" என்கிற அன்பர்கள். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன். 10 பீஸ் போட்டாலும் 100 பீஸ் போட்டாலும் ஸ்க்ரீன் செலவு அதேதான். மூணு கலர் என்றால் 1,200. பத்துப் பேருக்கு அது ஆளுக்கு 120. போக்குவரத்து ஆளுக்கு 48. துணியும் பிரிண்டிங்கும் 180. அடக்கமே 348 ஆகிவிடுகிறது, இதில் கூலி ஒரு பைசா இல்லை. டிடிஎஃப் என்று ஃபிலிமில் அடித்துச் சூட்டில் ஒட்டுகிற முறை இருக்கிறது. அதற்கு ஸ்க்ரீன் வேண்டாம், ஒரு பீஸ்கூடப் போடலாம். ஆனால் முதுகு முழுக்க ஒட்டினால் காற்றுப் போகாமல் பிளாஸ்டர் போட்ட மாதிரி இருக்கும், ஏப்ரல் மாதத்தில் போட்டுப் பாருங்கள் தெரியும். 25 பீஸுக்குக் கீழே நாங்கள் எடுப்பதில்லை.

போட்டிக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் காலேஜிலேயே இன்னொரு குழு அதே மாதிரி டி-ஷர்ட்டை 250க்குக் கொடுத்தது. அப்பா கார், அப்பா டிரைவர், திருப்பூருக்கு ஜாலியாக ஒரு ரவுண்ட். 250க்கு எங்கள் செலவில் கணக்குப் போட்டால் 64 பேருக்கு 2,320 மிச்சம், மணிக்கு 38 ரூபாய். அவர்களுக்கு அது கவலை இல்லை. ரெஸ்யூமில் 'ஃபவுண்டர்' என்று ஒரு வரி வேண்டும், அதற்கு இந்த விலை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, சட்ட விரோதமாக எதுவும் செய்யவில்லை. ஆனால் தன் நேரத்துக்கு விலையே போடாதவனோடு, நேரத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டியவன் போட்டி போட முடியாது. மாணவர் தொழில் என்பது எல்லாருக்கும் திறந்த கதவு என்று மேடையில் சொல்கிறார்களே, கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே நிற்க வாடகை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இ-செல் நிகழ்ச்சிக்கு வருகிற சிறப்பு விருந்தினர்கள் மைக்கேல் டெல்லைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைப்பதில்லை. 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் ஆயிரம் டாலரோடு கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தார், படிப்பை விட்டார், உலகப் பணக்காரர் ஆனார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அட்டெண்டன்ஸை விடுகிறவனுக்கு 75 சதவீதம் வராமல் காண்டொனேஷன் கட்ட வேண்டி வந்தால், அதை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று விருந்தினர் சொல்லித் தருவதில்லை.

"காசு முக்கியமில்ல, அனுபவம்தான் முக்கியம்" என்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அனுபவம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. துணியைத் தொட்டு ஜிஎஸ்எம் சொல்ல எனக்கு வருகிறது. கடைக்காரர் "கடைசி விலை தம்பி" என்று சொன்ன பிறகும் ரெண்டு ரூபாய் குறைக்க அவனுக்கு வருகிறது, பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் நம்மை மூணு மாதம் ஜெராக்ஸ் எடுக்க விடுகிறவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அனுபவம் கூலிக்கு மேலே கிடைக்கிற போனஸாக இருக்கட்டும். கூலிக்குப் பதிலாக வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. எங்கள் விற்பனை ரெண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் காலேஜுக்கு டி-ஷர்ட் அனுப்பினால் அது வேறு மாநிலம். தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பக்கத்து ஊர்தானே என்று ஆர்டர் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். பதிவு இல்லாவிட்டாலும் வரி கட்டாமல் தப்பிவிட்டோம் என்று அர்த்தமில்லை. வாங்குகிற பீஸில் 5 சதவீதம் உள்ளே இருக்கிறது (2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள துணிமணிக்கு அதே 5தான், அதற்கு முன் 1,000 வரை). நமக்கு அது திரும்பி வராது, அடக்கத்தில் சேர்ந்துவிடும்.

இப்போது நாங்கள் ஃபைனல் இயர். அவன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேருவதாக இருக்கிறான், நான் எம்.காம் அப்ளை செய்திருக்கிறேன். செகண்ட் இயர் பையன்கள் ரெண்டு பேர் தொழிலை எடுத்துக்கொள்கிறோம் என்று வந்திருக்கிறார்கள். பெயர், பட்டறை அண்ணன் நம்பர், காதர்பேட்டைக் கடைகள், எல்லாம் சேர்த்து விலை கேட்டார்கள். நற்பெயர் மதிப்பீடு, உயர் இலாப முறை! பரீட்சையில் மட்டுமே பார்த்த கணக்கு வாசலில் வந்து நிற்கிறது.

போட்டுப் பார்த்தோம். போன வருஷம் 11 ஆர்டர். மிச்சம் 41,800. மணி நேரம் 560. மணிக்கு 60 வீதம் கூலி 33,600 போனால் 8,200. முதலுக்கு வட்டி 1,800 போனால் 6,400. ரெண்டு வருஷக் கொள்முதல் என்றால் 12,800 ரூபாய். கேட்டரிங் கூலியான 120ஐப் போட்டால் நற்பெயருக்கு நாங்கள்தான் அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அவர்களில் ஒருவன் கெட்டிக்காரன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கூலியே போடாமப் பாத்தா 41,800 நிக்குதே. அதை வெச்சுத்தானே எல்லார்கிட்டயும் சொல்லலாம்?" என்றான். 12,800ஐ வாங்கிக்கொண்டு "ஆமாண்டா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பா இல்லாத பையன் என்பது இவனுக்குத் தெரியும்.

விலை இன்னும் முடிவாகவில்லை. பாட்டனி டிபார்ட்மெண்ட் ஆர்டர் ஒன்று இருக்கிறது, 48 பீஸ். இந்தச் சனிக்கிழமை அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு மூணு பேராகக் காதர்பேட்டைக்குப் போகிறோம். காலையில் ஸ்டேஷனில் ஏறுகிற நேரத்திலிருந்து அவனுடைய மணியையும் நோட்டில் தனி வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.